ஒலியை மிஞ்சாத ரவையும் சைலன்சர் பூட்டிய றைபிளும்: அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் முறை

என் அக்காவின் மகன் நோர்வேயில் ஹமார் நகரத்துக்கு அருகில் வசிக்கிறார். அந்நாட்டின் வேட்டைத் தேர்வில் சித்தியடைந்து, முறையான உரிமத்துடன் .22 எல்.ஆர். (லோங் றைபிள்) என்ற சிறு ரவைக்குரிய, போல்ட்டைக் கையால் இழுத்து ஏற்றும் றைபிள் ஒன்று வாங்கி, கழகத்தின் சுடுதளத்தில் காகிதக் குறிக்கு, அதாவது மட்டைக்கு, சுட்டுப் பழகுகிறார். அதே நாட்டில் பல வருடங்கள் வாழ்ந்து, அதே வகைத் துவக்கால் சுட்டுப் பழகிய பின்னர் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலுக்குத் திரும்பி வந்தவன் நான். இரவில் இங்கே விறாந்தையில் இருக்கும்போது அவருடைய கேள்விகள் வட்ஸ்அப்பில் வரும். சில வேளைகளில் சுட்ட சத்தத்தின் பதிவும் சேர்ந்து வரும். ஒரே விதமான கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதாலும், புலம்பெயர்ந்த நாடுகளில் உரிமத்துடன் சுடும் எங்கள் பிள்ளைகள் வேறு பலரும் இருப்பதாலும், பதில்களை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

நோர்வேயில், குழல்வாயில் பூட்டும் சைலன்சர் என்பது காதையும் அயலவரையும் காக்கும் சாதாரண வேட்டைச் சாமான். இலங்கையின் நிலை வேறு. 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டளைச் சட்டம் திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கை வைத்திருப்பதே குற்றம். ஆகையால் இது யாழ்ப்பாணத்தில் செய்து பார்ப்பதற்கு எழுதப்பட்டதன்று. சைலன்சரைச் செய்வது பற்றியும் இதில் ஒன்றும் இல்லை. கடையில் வாங்கிய, றைபிளுக்குப் பொருத்தமான சாமானில் வரும் குறைகளைப் பற்றி மாத்திரமே எழுதுகிறேன்.

பிழை தேடும் முன்னர், எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பிரித்து அறிய வேண்டும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பங்கருக்குள் இருந்த எங்கள் தலைமுறைக்கு இதை யாரும் கற்பிக்கத் தேவையில்லை. தலைக்கு மேலால் முதலில் "சடக்" என்று ஒன்று போகும். சற்றுப் பொறுத்துத் தூரத்தில் "டும்" என்று இன்னொன்று கேட்கும். முன்னது சன்னம், அதாவது ரவையிலிருந்து பிரிந்து பறக்கும் ஈயத் துண்டு, ஒலியைவிட வேகமாகக் காற்றைக் கிழித்துப் போவதால் பிறப்பது. பின்னது குழல்வாயில் வெடிமருந்தின் வாயு வெடித்துப் பரவுவதால் பிறப்பது. சைலன்சரால் அடக்க முடிந்தது இரண்டாவதை மாத்திரமே. ஹைறம் பேர்சி மக்சிம் என்ற அமெரிக்கர் 1909இல் காப்புரிமை பெற்ற சைலன்சரின் தத்துவமும், எங்கள் தோட்டக் கிணற்றடியில் நிற்கும் தண்ணீர் இறைக்கும் மிசினின் சைலன்சருடைய தத்துவமும் ஒன்றே: சூடான வாயுவை அறைகளில் தடுத்து, விரித்து, ஆற்றி வெளியே விடுவது. குழலை விட்டுப் போய்விட்ட சன்னத்தின் மேல் அதற்கு எந்த ஆட்சியும் இல்லை. முதலாவது சத்தத்தை இல்லாமற் செய்ய வேண்டுமானால் சன்னம் ஒலியைவிட மெதுவாகப் போக வேண்டும். அதற்காகவே மெதுவான ரவை. கீழே வரும் குறைகளுள் பெரும்பாலானவை, இந்த வேகத்தின் மேலெல்லைக்கும் கீழெல்லைக்கும் நடுவில் உள்ள இடம் மிக ஒடுக்கமாக இருப்பதால் வருபவை.

ஒரு வெடி மற்றவற்றைவிட மெல்லியதாகக் கேட்டது

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், மற்ற எல்லாக் குறைகளுக்கும் நாளைக்கு விடை தேடலாம். இதற்கு அடுத்த விநாடியிலேயே விடை வேண்டும். சென்ற மாரியில் மருமகனிடமிருந்து வந்த செய்தி இது: "மாமா, இப்ப ஒரு வெடி பஞ்சு பொத்தின மாதிரிக் கேட்டுது. மட்டையில ஓட்டையும் இல்லை. அடுத்ததை அடிச்சுப் பாக்கட்டோ?" நான் உடனே தொலைபேசி எடுத்து, "வேண்டாம் தம்பி, துவக்கை மட்டைப் பக்கம் பிடிச்சபடியே கொஞ்சம் பொறு. பிறகு போல்ட்டைத் திறந்து கழற்றி வை" என்றேன்.

மருந்து குறைவாகவோ பழுதாகவோ இருந்தால், சன்னம் குழலின் நடுவிலோ சைலன்சருக்குள்ளோ நின்றுவிடக்கூடும். அதற்குப் பின்னால் இன்னொரு ரவையைச் சுட்டால் குழல் வீங்கலாம், பிளக்கலாம், சைலன்சர் சிதறலாம். சைலன்சர் இல்லாத துவக்கில் நல்ல வெடிக்கும் கெட்ட வெடிக்கும் இடையிலான வேறுபாடு காதுக்கு உடனே தெரியும். சைலன்சரும் மெதுவான ரவையும் சேர்ந்த இடத்தில் நல்ல வெடியே மெல்லியது. ஆகவே கெட்டதை இனங்காண்பது கடினம். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு மட்டையில் துளை விழுந்ததா என்று பார்ப்பதை ஒரு பழக்கமாகவே கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டிய முறை இது. குழல்வாயைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும். மருந்து தாமதமாகப் பற்றுவதும் உண்டு. பிறகு ரவையையும் மகசீனையும் நீக்கி, போல்ட்டை முழுமையாகக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து குழலுக்குள் ஒரு வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். வெளிச்சம் தெரியாவிட்டால், அல்லது ஐயம் இருந்தால், அன்றைய சுடுதல் முடிந்தது. சிக்கிய சன்னத்தைத் துவக்குத் திருத்துபவரே எடுக்க வேண்டும். மருமகனின் குழல் வெறுமையாகத்தான் இருந்தது. சன்னம் மட்டைக்கு முன்னால் நிலத்தில் புதைந்து கிடந்தது. அந்தப் பெட்டியில் மிச்சமிருந்த ரவைகளை அவர் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். பெரிய ரவைகளைத் தாங்களே நிரப்புபவர்கள், வேகத்தைக் குறைப்பதற்காக மருந்தைத் தம் எண்ணப்படி குறைத்துக்கொண்டு போவது இந்தக் குறைக்கு நேரே கொண்டுபோய் விடும். மருந்து தயாரிப்பாளர் அச்சிட்டு வெளியிட்ட அளவுக்கு வெளியே போகவே கூடாது.

சைலன்சர் பூட்டியும் "சடக்" என்று கேட்கிறது

அதிகமாக வரும் கேள்வி இதுதான். முதலில், சத்தம் எங்கிருந்து வருவது போலத் தோன்றுகிறது என்று கவனிக்கவும். முன்னால், மரங்களின் பக்கமிருந்து, ஒரு சாட்டையைச் சொடுக்கியது போல வந்தால் அது சன்னத்தின் சத்தம். கைக்குப் பக்கத்தில், றைபிளிலிருந்தே வந்தால் அது குழல்வாய்ச் சத்தம். அதைப் பின்னால் பார்ப்போம். தொலைபேசியின் பதிவை வைத்து எது பெரிது, எது சிறிது என்று ஒருபோதும் முடிவு செய்ய வேண்டாம். அதன் ஒலிவாங்கி இத்தகைய திடீர்ச் சத்தத்தைத் தாங்காமல் எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் வெட்டிவிடும். பதிவில் நான் கேட்பது சத்தங்களின் எண்ணிக்கையையும் வரிசையையும் மாத்திரமே.

சன்னத்தின் சத்தம்தான் என்று தெரிந்தால், அடுத்ததாகக் காற்றின் வெப்பநிலையைக் கேட்க வேண்டும். ஒலியின் வேகம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. 0 பாகை செல்சியசில் அது விநாடிக்கு ஏறத்தாழ 331 மீற்றர். ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.6 மீற்றர் கூடும் அல்லது குறையும். யாழ்ப்பாணத்தில் 30 பாகை வெயிலில் அது 349 மீற்றர். ஹமாரில் மைனஸ் 15 பாகைக் குளிரில் 322 மீற்றர். இருபத்தேழு மீற்றர் வேறுபாடு. 40 கிறெயின், அதாவது 2.6 கிறாம் சன்னத்தோடு சாதாரண வேகம் என்று விற்கப்படும் .22 ரவைகள் பல விநாடிக்கு 325 முதல் 330 மீற்றர் வரை போகின்றன. இங்குள்ள காற்றில் ஒலிக்குப் பின்னால் அமைதியாகப் போகக்கூடிய அதே சன்னம், அந்தக் குளிரில் ஒலியை முந்திவிடும். அதிவேகம் என்று எழுதிய பெட்டியாயின் விநாடிக்கு 380 மீற்றர் அளவில் போகும். அதற்கு எந்த நாட்டிலும் பரிகாரம் இல்லை, வேறு பெட்டிதான் வாங்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகும் மருமகனுடைய குழப்பம் தீரவில்லை. அன்று மைனஸ் 12 பாகை. அவர் சுட்ட பத்தில் முதல் நான்கு சடக்கென்றன, மிச்சம் ஆறும் அமைதியாகப் போயின. ஒரே பெட்டி, ஒரே துவக்கு. அவர் ரவையை எங்கே வைத்திருந்தார் என்று கேட்டேன். விரல் விறைக்காமல் எடுப்பதற்காகச் சில ரவைகளைச் சட்டையின் உட்பையில், நெஞ்சோடு வைத்திருந்தாராம். மிச்சம் மேசையில் திறந்த பெட்டியில் கிடந்தனவாம். மருந்து சூடாக இருந்தால் வேகம் கூடும், குளிர்ந்தால் குறையும். மேசையில் கிடந்த ரவை காற்றோடு சேர்ந்து குளிர்ந்து, ஒலியின் வேகம் குறைந்த அளவுக்குத் தன் வேகத்தையும் குறைத்துக்கொண்டது. நெஞ்சோடு இருந்த ரவை யாழ்ப்பாணத்து வெயிலில் கிடந்தது போல இருந்துகொண்டு, நோர்வேயின் காற்றுக்குள் பாய்ந்தது. அடுத்த கிழமை எல்லா ரவைகளையும் மேசையில் அரை மணித்தியாலம் வைத்துச் சுட்டபோது பத்தும் அமைதியாகப் போயின.

இதிலிருந்து நான் வைத்திருக்கும் கணக்கு, சுடப்போகும் மிகக் குளிரான நாளின் ஒலி வேகத்தைவிட விநாடிக்குப் பதினைந்து மீற்றராவது குறைவாகப் போகும் ரவையைத் தேர்வது. ஒலிக்கு மிகக் கிட்டிய வேகத்திலேயே சன்னத்தின் மேற்பரப்பில் காற்றோட்டம் சில இடங்களில் ஒலியை எட்டிவிடும் என்பதாலும், ஒரே பெட்டிக்குள் ஒவ்வொரு ரவையும் சற்று வேறுபடும் என்பதாலும் இந்த இடைவெளி வேண்டும். பெட்டியில் அச்சிட்ட எண் தொழிற்சாலையின் சோதனைக் குழலில் அளந்தது. உங்கள் குழலின் நீளத்துக்கு அது மாறும். கழகத்தில் வேகமானி இருந்தால் அதில் அளந்து பார்த்ததே உண்மையான எண்.

முதல் வெடி மாத்திரம் பெரிதாகக் கேட்கிறது

இது பழுதன்று. சைலன்சருக்குள் முதலில் இருப்பது வெறும் காற்று. அதிலுள்ள ஒட்சிசனால் எரியாத மருந்தின் மிச்சம் உள்ளேயே ஒருமுறை பற்றுகிறது. இரண்டாவது வெடிக்கு அங்கே எரிந்த வாயுதான் இருக்கும். நீண்ட நேரம் இடைவெளி விட்டால் காற்று திரும்பவும் உள்ளே புகும், முதல் வெடியும் திரும்பவும் பெரிதாகக் கேட்கும்.

மட்டையில் துளை நீளமாக விழுகிறது, அல்லது "டிங்" என்ற உலோகச் சத்தம் கேட்கிறது

இந்த இரண்டில் எது கண்டாலும் உடனே நிறுத்த வேண்டும். வட்டத் துளைக்குப் பதிலாகச் சாவித்துவாரம் போன்ற நீண்ட துளை விழுந்தால், சன்னம் நேராகப் பறக்காமல் புரண்டு போகிறது என்பது பொருள். மட்டைக்கு அது சிறிய விடயம். சைலன்சருக்கு அது ஆபத்து. அதன் தடுப்புத் தகடுகளின் நடுத்துளை சன்னத்தைவிடச் சற்றே பெரியது, ஆகவே தள்ளாடும் சன்னம் அவற்றில் உரசும் அல்லது மோதும். மோதிய சன்னம் எந்தத் திசையில் வெளியேறும் என்று சொல்ல முடியாது.

புரள்வதற்குக் காரணம் பெரும்பாலும் குழலின் புரிதான், அதாவது சன்னத்தைச் சுழற்றுவதற்காகக் குழலின் உட்புறத்தில் சுருளாக வெட்டிய பள்ளம். சன்னம் நீளமாகவும் பாரமாகவும் ஆகும்போது அதை நிலைநிறுத்த வேகமான சுழற்சி தேவை. மெதுவாகப் போகும் சன்னத்துக்கு அந்தத் தேவை இன்னும் கூடும். சாதாரண .22 குழலில் புரி 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அது 40 கிறெயின் சன்னத்துக்குப் போதும். மெதுவான ரவை என்று விற்கப்படும் 60 கிறெயின் நீளச் சன்னம் அதே குழலில் புரளக்கூடும், அதற்கு 9 அங்குலத்துக்கு ஒரு சுற்றுப் போன்ற இறுக்கமான புரி வேண்டும். 2011இல் அமெரிக்காவில் தரப்படுத்தப்பட்ட .300 பிளாக்அவுட் ரவையின் குழல்கள் 7 அல்லது 8 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக வெட்டப்படுவதும் 220 கிறெயின் அளவிலான கனமான, மெதுவான சன்னங்களுக்காகவே. அந்த ரவை .223 என்ற வேறு ரவைக்குரிய துவக்கின் அறைக்குள்ளும் புகுந்து பூட்டிக்கொள்ளக்கூடும் என்பதையும், அப்படிச் சுட்டால் துவக்கு சிதறும் என்பதையும் இரண்டையும் வைத்திருக்கும் வீட்டில் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். பெட்டிகளை ஒரே மேசையில் வைக்கவே கூடாது.

துளை வட்டமாக இருந்தும் "டிங்" கேட்டால் சைலன்சர் குழலோடு ஒரே நேரில் நிற்கவில்லை. முதலில் மரையைப் பார்க்கவும். ஐரோப்பிய .22 குழல்களில் அரை அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 20 மரை என்ற அளவு பரவலாக உண்டு; அமெரிக்கக் குழல்களில் அதே விட்டத்தில் அங்குலத்துக்கு 28 மரை. விட்டம் ஒன்றாக இருப்பதால் ஒன்று மற்றதில் ஒன்றிரண்டு சுற்று ஏறிப் பின் இறுகும். ஏறுகிறது என்பதற்காகத் திருகினால் மரையும் கெடும், நேரும் கெடும். சரியான மரை கையாலேயே, உராய்வில்லாமல், கடைசிச் சுற்று வரை போய்க் குழலின் தோளில் சதுரமாக அமர வேண்டும். அந்தத் தோளில் ஒரு கடுகளவு கரி இருந்தாலும் சைலன்சர் சரிந்து அமரும். கொக்குவிலில் கடைச்சல் பட்டறை வைத்திருந்த என் பெரியப்பா, எதைப் பூட்டும் முன்னரும் வேட்டித் தலைப்பால் அந்த முகத்தைத் துடைத்து, நகத்தால் ஒருமுறை சுற்றிப் பார்ப்பார். நகத்துக்குத் தட்டுப்படுவது கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பழக்கத்தை மருமகனுக்கும் சொல்லியிருக்கிறேன்.

பிறகு போல்ட்டைக் கழற்றிய நிலையில், இதற்கென்றே விற்கப்படும் நேரான கோலைக் குழலுக்குள் இட்டு, சைலன்சரின் முனையில் அந்தக் கோலைச் சுற்றி உள்ள இடைவெளி எல்லாப் பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் ஒட்டி நின்றால் அந்தச் சைலன்சரோடு இனிச் சுடக்கூடாது. குழலின் மரை கோணலா, சைலன்சர் கோணலா என்பதைத் திருத்துபவர் பார்ப்பார். அடுத்தடுத்துச் சுடும்போது சைலன்சர் தளர்வதும் உண்டு. ஒவ்வொரு மகசீன் முடிந்ததும், துவக்கைக் காலியாக்கிய பிறகு, இறுக்கத்தைக் கையால் பார்த்துக்கொள்ள வேண்டும். சூடாக இருக்கும், கையுறை வேண்டும்.

சுட்ட துளைகளின் குழு ஒன்றாக விழுகிறது, ஆனால் வேறிடத்தில் விழுகிறது

சைலன்சர் என்பது குழலின் நுனியில் தொங்கும் பாரம். குழல் அதிரும் விதத்தை அது மாற்றுகிறது. பூட்டினால் ஓரிடம், கழற்றினால் வேறிடம் என்பது இயல்பு. குழு இறுக்கமாக இருக்கும்வரை ஸ்கோப்பைத் திருத்திக்கொண்டால் போதும். எந்த நிலையில் சுடுவீர்களோ அந்த நிலையிலேயே திருத்தவும். சூடேறிய சைலன்சருக்கு மேலால் எழும் கானல் ஸ்கோப்பில் மட்டையை அசைத்துக் காட்டுவதும் உண்டு. அப்போது சற்று ஆறவிட வேண்டும்.

தூரம் கூடும்போது கீழே விழுவது வேறு கதை. 320 மீற்றர் வேகத்தில் போகும் .22 ரவைக்கு 50 மீற்றரில் குறியைச் சரிசெய்து, அதே குறியோடு 100 மீற்றரில் சுட்டால் சன்னம் ஏறத்தாழ ஒரு சாண் கீழே விழும். குழு பக்கவாட்டில் ஒடுங்கி மேலும் கீழுமாக நீண்டிருந்தால், கையைக் குறை சொல்லும் முன்னர் ரவையின் வேகம் ஒவ்வொன்றுக்கும் மாறுகிறதா என்று பார்க்கவும். மெதுவான ரவையில் சில மீற்றர் வேக வேறுபாடும் தூரத்தில் விரல்களாகத் தெரியும்.

இந்த வேகத்தில் ஈயச் சன்னம் உறைந்த நிலத்திலும் கல்லிலும் நீரிலும் பட்டுத் தெறிக்கும். மெதுவானது என்பதால் பாதிப்பில்லாதது என்று நினைப்பது பெரும் பிழை. மட்டைக்குப் பின்னால் மண் அணை இல்லாத இடத்தில் சுடவே கூடாது. மருமகன் .300 பிளாக்அவுட்டின் மெதுவான ரவையால் சிறுமான் வேட்டைக்குப் போகலாமா என்று கேட்டபோதும் என் பதில் நீளவில்லை: நோர்வேயின் விதி அந்த மானுக்கு 100 மீற்றரில் ஆகக்குறைந்தது 980 யூல் சக்தி வேண்டும் என்கிறது, அந்தச் சன்னம் குழலை விட்டுப் புறப்படும்போதே ஏறத்தாழ 700 யூல்தான். சட்டம் ஒருபுறம் இருக்க, உயிர் உடனே போகாத காயத்தோடு ஒரு பிராணியைக் காட்டுக்குள் ஓடவிடுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

தானாக ஏற்றும் துவக்கு ஏற்ற மறுக்கிறது

மெதுவான ரவையின் உந்தல், போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளப் போதாமல் இருக்கலாம். சுட்ட ரவையின் வெற்றுக் கோது பாதி வெளியே வந்து சிக்கும். நன்கு துடைத்து எண்ணெய் இட்டும் தீராவிட்டால் கையால் ஏற்றிச் சுடுவதே வழி. போல்ட்டின் சுருள்வில்லை வெட்டிக் குட்டையாக்கும் வேலைக்கு யாரும் போக வேண்டாம்.

மாதக்கணக்கில் சத்தம் மெல்ல மெல்லக் கூடுகிறது

குழல்வாய்ச் சத்தம் இது. .22 ரவையின் சன்னம் பெரும்பாலும் உறையில்லாத ஈயம், மேலே மெழுகு. இரண்டும் கரியோடு சேர்ந்து சைலன்சரின் அறைகளில் படிந்து, வாயு விரிவதற்கான இடத்தைத் தின்றுவிடுகின்றன. மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மிசினின் சைலன்சரில் கரி அடைத்தால் நடப்பது போலத்தான். புதிதாக இருந்தபோது எத்தனை கிறாம் நிறுத்தது என்று எழுதி வைத்திருந்தால், இப்போது நிறுத்துப் பார்த்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அறியலாம். பிரிக்கக்கூடிய சைலன்சராயின், தயாரிப்பாளர் சொன்ன வரிசையில் பிரித்து, தகடுகளைக் கழற்றிய அதே வரிசையில் துணியில் அடுக்கி, ஈரமான துணியாலும் பிளாஸ்ரிக் தூரிகையாலும் சுரண்ட வேண்டும். உலர்ந்த தூளை ஊதக் கூடாது, கையுறை இல்லாமல் தொடக் கூடாது, சமையலறைக் குழாயில் கழுவவே கூடாது, அது ஈயம்.

வினாகிரியையும் ஐதரசன் பெரொட்சைட்டையும் கலந்து தகடுகளை ஊறவைத்தால் ஒரு மணித்தியாலத்தில் பளிச்சென்று ஆகிவிடும் என்று மருமகன் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு எழுதினார். அக்காவும் "வினாகிரிதானே, சாப்பிடுற சாமான்" என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார். நான் அன்றிரவே இருவரையும் அழைத்துப் பேசினேன். அந்தக் கலவை ஈயத்தைக் கரைத்து ஈய அசற்றேற்று என்ற நீரில் கரையும் நஞ்சாக மாற்றுகிறது. படிவாக இருந்த ஈயத்தைவிட உடம்புக்குள் எளிதாகப் போவது அது. அதை ஊற்றுவதற்கு வீட்டில் ஓர் இடமும் இல்லை. அலுமினியத் தகடுகளையும் அந்தக் கலவை அரிக்கும். சுரண்டுவதற்கு ஒரு பின்னேரம் போனாலும் போகட்டும்.

கரி ஒன்றும் இல்லாத புதுச் சைலன்சரோடு சுட்டாலும் காதுக் காப்பைக் கழற்ற வேண்டாம். பெரிய றைபிளின் வெடி 165 டெசிபலுக்கு மேலும் போகும். திடீர்ச் சத்தத்துக்குக் காது தாங்கும் எல்லையாகக் கொள்ளப்படுவது 140. சைலன்சர் அதை எல்லைக்கு அண்மையில் கொண்டுவருகிறதே தவிர இல்லாமற் செய்வதில்லை. பக்கத்தில் நின்று சுடுபவர் சைலன்சர் பூட்டியிருக்க வேண்டும் என்றும் இல்லை.

குழலின் நுனியில் துரு

சுட்ட பின்னர் சைலன்சருக்குள் ஈரமும் எரிந்த மருந்தின் எச்சமும் தங்குகின்றன. குளிரிலிருந்து சூடான வீட்டுக்குள் கொண்டுவந்ததும் உலோகத்தில் வியர்வை போல நீர் கோக்கும். பூட்டியபடியே அலுமாரியில் வைத்தால் அந்த ஈரம் குழலுக்குள் இறங்கி, சன்னம் கடைசியாகத் தொடும் விளிம்பையே முதலில் தின்னும். வந்தவுடன் துவக்கு காலியா என்று பார்த்து, சைலன்சரைக் கழற்றி, இரு பக்கமும் காற்றுப் போகும்படி நிறுத்தி, ஓர் இரவு முழுதும் உலரவிட வேண்டும். குழலை, ரவை புகும் அறையின் பக்கத்திலிருந்து துடைத்து மெல்லிய எண்ணெய் பூசலாம். அடுத்த முறை சுடுமுன் அந்த எண்ணெயையும் துடைத்து எடுத்துவிட வேண்டும். விட்டால் முதல் வெடி புகையோடு பெரிதாகக் கேட்கும், மருமகனிடமிருந்து இன்னொரு பதிவு எனக்கு வரும்.